எம்.எட். படிக்கப் போகும் மன்னார் ஆசிரியருக்கு

இளம் ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ரீச்சர், பட்டம் இருக்கு. வேலையும் நிரந்தரமாகிட்டுது. அடுத்து எதைப் படிச்சா நல்லது?" ஆசிரியர் அறையில் கேட்பார்கள், கருத்தரங்குக்குப் போன இடத்தில் கேட்பார்கள், உப்புக்குளத்தில் மரக்கறி வாங்க நிற்கும்போதும் நிறுத்திக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்புவது மனதுக்கு ஒப்பவில்லை. அதனால் இந்த நீண்ட பதிவு. விண்ணப்பப் படிவம் நிரப்புவதற்கு முன் ஒருமுறை வாசியுங்கள்.

பட்டப்பின் படிப்பால் பதவி உயர்வு வரும், சம்பளம் கூடும். இரண்டும் ஆசிரியருக்கு உரியவை, அதற்காகப் படிப்பதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் மன்னார் போன்ற ஒரு மாவட்டத்தில் ஓர் ஆசிரியர் இத்தனை சிரமப்பட்டுப் படிக்கும்போது, அந்தப் படிப்பின் பலன் அவருடைய வகுப்பறைக்கும் வந்து சேர வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. பெரும்பாலும் அது நாம் எடுக்கும் ஆய்வுத் தலைப்பில் தொடங்குகிறது.

படிகளை முதலில் தெரிந்துகொள்வோம்

நம் ஆசிரியர்கள் பெரும்பாலும் இரண்டு வழியால் சேவைக்கு வருகிறார்கள். ஒன்று கல்வியியற் கல்லூரி வழி. மன்னாரில் படிப்பிக்கும் பலர் வவுனியா பூந்தோட்டத்தில் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரியில் பயின்றவர்கள். இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாவது வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறுபயில்வு. இவர்கள் வகுப்பறைக்குள் வரும்போதே கற்பித்தலைப் பழகியிருப்பார்கள். இவர்களுடைய அடுத்த படி கல்விமாணிப் பட்டம்.

மற்றது பட்டதாரி வழி. விஞ்ஞானமோ கலையோ வணிகமோ படித்து, பட்டதாரி நியமனத்தில் நேராக வகுப்பறைக்குள் வருகிறவர்கள். பாடம் தெரியும். ஆனால் நாற்பது பிள்ளைகளை வைத்து அதை எப்படிப் படிப்பிப்பது என்று இவர்களுக்கு ஒருவரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். இவர்களுக்குத்தான் பட்டப்பின் கல்வி டிப்ளோமா. நாம் எல்லோரும் 'டிப்.இன்.எட்.' என்று சொல்லிப் பழகியது. கல்வி உளவியல், கல்விச் சமூகவியல், அளவீடும் மதிப்பீடும், வழிகாட்டலும் ஆலோசனையும், பாடக் கற்பித்தல் முறை, அதன் கூடவே மேற்பார்வையாளர் வகுப்பின் பின்வாங்கில் வந்திருந்து பார்க்கும் கற்பித்தல் பயிற்சி. இந்தக் கடைசி அங்கம்தான் எனக்குப் பெரிய கொடையாகத் தெரிகிறது. சேவையில் இருக்கும் ஆசிரியர் ஒருவரின் பாடத்தை, குறை பிடிக்கும் நோக்கம் இல்லாமல், கற்றுத் தருவதற்காக ஒருவர் முழுமையாக உட்கார்ந்து பார்க்கும் சந்தர்ப்பம் நம் முறைமையில் அதிகம் இல்லை.

டிப்ளோமாவுக்குப் பிறகு கல்வி முதுமாணி, அதாவது எம்.எட். அதற்கும் மேலே முதுதத்துவமாணி, கலாநிதி. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம். பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம். பாடநெறியோடு ஆய்வும் உள்ள முதுமாணி 10ஆம் மட்டம். முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. இந்த இலக்கங்களை விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள். 9ஆம் மட்டத்துக்கும் 10ஆம் மட்டத்துக்கும் இடையில் இருப்பது ஆய்வு. பின்னால் கலாநிதி வரை போகும் எண்ணம் இருந்தால் ஆய்வோடு கூடியதையே எடுங்கள். அந்த எண்ணம் இல்லாவிட்டாலும் எடுங்கள் என்பது என் கருத்து. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

எங்கே படிக்கலாம்? 1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை தொடங்கிய காலத்தில் இந்த வாய்ப்பு மிகச் சிலருக்கே இருந்தது. இன்று கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடம், பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகம், 1980இல் தொடங்கப்பட்ட திறந்த பல்கலைக்கழகம், 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மஹரகம தேசிய கல்வி நிறுவகம் என்று வழிகள் பல. திறந்த பல்கலைக்கழகத்தில் விசேட தேவைக் கல்விக்கென்றே தனித் துறை இருக்கிறது. உங்கள் வகுப்பில் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளையோ காது சரியாகக் கேட்காத பிள்ளையோ இருந்து, அந்தப் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மனம் உறுத்தினால், அந்தப் பக்கமும் ஒருமுறை பாருங்கள். எல்லோரும் கல்வி முகாமைத்துவத்தையே எடுக்க வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை.

2014 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்த இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பை ஒவ்வோர் ஆசிரியரும் ஒருமுறையாவது முழுமையாக வாசிக்க வேண்டும். எந்தத் தகைமைக்கு எந்த வகுப்பு, எந்தத் தரம் என்பது அதில் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் காதில் விழுந்த கதையை நம்பிப் பாடநெறிக்குக் காசு கட்டவேண்டாம்.

மன்னாரிலிருந்து படிப்பது என்றால்

கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாண நகரத்திலிருந்தோ படிப்பவருக்கு வார இறுதி வகுப்பு என்பது ஒரு பஸ் பயணம். எங்களுக்கு அப்படியில்லை. வவுனியா ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர். யாழ்ப்பாணம், பூநகரி வழியாகப் போனாலும், நூறு கிலோமீற்றருக்கு மேல். மஹரகமைக்கு வெள்ளி இரவே புறப்பட வேண்டும். சனி விடிய முதல் எழுந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு செய்து வைத்துவிட்டு, பாலம் தாண்டி, பஸ்ஸில் இருந்தபடியே ஒப்படையை வாசித்துத் திருத்தி, மாலையில் களைத்துத் திரும்பி, ஞாயிறும் அப்படியே. திங்கள் காலை ஏழரைக்குப் பாடசாலை வாசலில் நிற்க வேண்டும். நம் ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். வீட்டுப் பொறுப்பை வேறு ஒருவர் எடுத்தால்தான் இவர்களால் படிக்க முடியும். படித்து முடித்த ஒவ்வொரு ரீச்சருக்குப் பின்னாலும் ஓர் அம்மாவோ மாமியோ தங்கச்சியோ நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி நின்ற கணவர்மாரையும் பார்த்திருக்கிறேன். அவர்களையும் இங்கே வணங்குகிறேன்.

எங்களுக்கு முந்திய தலைமுறைக்கு இந்தச் சனிக்கிழமைப் பயணம்கூடக் கிடைக்கவில்லை. 1990இல் போரால் தலைமன்னார் ரயில் நின்றது. அது திரும்பி வர 2015 மார்ச் ஆனது. அதே 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவின் எத்தனையோ ஆசிரியர்கள் கையில் பையோடு புத்தளத்துக்குப் போனார்கள். அங்கே ஓலைக் கொட்டில்களில் பிள்ளைகளை இருத்திப் படிப்பித்தார்கள். இங்கே எஞ்சியிருந்தவர்கள் பயண அனுமதிப் பாஸ் எடுத்து, சோதனைச் சாவடி தாண்டி, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து படிப்பித்தார்கள். பட்டப்பின் படிப்பை நினைக்கும் நிலையில் அவர்களில் பலர் இருக்கவில்லை. ஓய்வு பெறும்வரை தர உயர்வு இல்லாமலே இருந்துவிட்டுப் போன மிகச் சிறந்த ஆசிரியர்களை இந்த ஊர் அறியும். ஆகவே ஒரு தகைமைச் சான்றிதழை வைத்து மட்டும் ஆசிரியரை அளக்கக்கூடாது என்பதை முதலில் நாமே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கிடைத்திருக்கும் வாய்ப்பை வீணாக்கக்கூடாது என்பதையும்தான்.

பட்டம் கூடினால் பிள்ளைக்கு என்ன?

இந்தக் கேள்வியை ஒளிக்காமல் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ரிவ்கின், ஹனுஷெக், கெய்ன் ஆகிய மூவர் டெக்சஸ் மாநில மாணவர்களின் பெறுபேறுகளை வைத்து 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆசிரியரின் தரம் மாணவரின் கற்றலை வலுவாகப் பாதிக்கிறது என்பது அதன் முடிவு. கூடவே இன்னொன்றையும் சொன்னார்கள்: ஆசிரியரிடம் முதுமாணிப் பட்டம் இருப்பதால் மாணவர் பெறுபேறு உயர்வதற்குச் சான்று கிடைக்கவில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குக் கசக்கும் செய்தி இது. ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது.

பின்லாந்தில் நிலைமை வேறு. 1970களில் ஆசிரியர் கல்வி முழுவதும் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றப்பட்டது. 1979 முதல் ஆரம்ப வகுப்பு ஆசிரியருக்கும் முதுமாணிப் பட்டம் வேண்டும் என்றானது. அங்கே அந்தப் பட்டம் சேவைக்குள் வருவதற்கான வாசல். கற்பித்தலைப் பற்றி ஆராய்ந்து ஓர் ஆய்வேடு எழுதிவிட்டுத்தான் வகுப்பறைக்குள் போகிறார்கள். பின்லாந்துக் கல்வியின் பெயருக்கு இந்த ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆசிரியர் ஆய்வு செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று ஒரு நாடே முடிவெடுத்ததை நாம் கவனிக்க வேண்டும்.

ஜப்பானியர் இதைப் பட்டம் இல்லாமலே செய்கிறார்கள். ஒரே பாடசாலையின் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் படிப்பிப்பார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைப் பார்ப்பார்கள். பிறகு எந்தப் பிள்ளை எங்கே தடக்கியது என்று கூடியிருந்து கதைப்பார்கள். பாடத்தைத் திருத்தி இன்னொரு வகுப்பில் மீண்டும் படிப்பிப்பார்கள். பாட ஆய்வு என்று இதற்குப் பெயர். நம் பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தித் திட்டத்தின் நோக்கமும் இதற்கு நெருங்கியதே. ஆனால் பல இடங்களில் அது ஒரு கூட்டம், ஒரு அறிக்கை, ஒரு புகைப்படம் என்று முடிந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு விளங்குவது இதுதான். படிப்பு வகுப்பறையைத் தொட்டால் பிள்ளைக்குப் பலன் உண்டு, தொடாவிட்டால் சம்பளப் பட்டியலில் மட்டும் பலன் உண்டு. எம்.எட். பாடநெறியில் வகுப்பறையை நேராகத் தொடக்கூடிய இடம் ஆய்வு. அதனால்தான் ஆய்வோடு கூடியதை எடுங்கள் என்றேன்.

உப்பளத்துப் பக்கத்தில் ஒரு பாடம்

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சாதாரண தர விஞ்ஞானத்தில் கலவைகள் என்ற அலகில் கடல்நீரிலிருந்து உப்புப் பெறும் முறை வருகிறது. பாடநூலில் மூன்று தடாகங்கள். பெரிய முதலாம் தடாகத்தில் கடல்நீர் ஆவியாகிச் செறிவு கூடும்போது கல்சியம் காபனேற்று வீழ்படிவாகும். இரண்டாம் தடாகத்தில் கல்சியம் சல்பேற்று. மூன்றாவதில் சோடியம் குளோரைட்டு, அதாவது எங்கள் உப்பு. எஞ்சும் கைப்பான நீரில் மகனீசியம் குளோரைட்டும் மகனீசியம் சல்பேற்றும் இருக்கும். வாரிய உப்பைக் குவித்து மாதக்கணக்கில் வைத்தால், அந்த மகனீசிய உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து வழிந்துவிடும்.

இந்தப் பாடத்தை எங்கள் பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதுவார்கள். முதலாம் தடாகம் எது, மூன்றாம் தடாகம் எது என்று கேட்டால் மணிபோலச் சொல்வார்கள். ஒருநாள் வேறு மாதிரிக் கேட்டேன்: "உப்பு விளைஞ்சு வாற நேரம் ஒரு மழை பெய்தா என்ன நடக்கும்?" எல்லோரும் ஒரே குரலில், "உப்பு கரைஞ்சு போகும் ரீச்சர்." "ஏன்?" வகுப்பு அமைதியானது. செறிவு என்ற சொல்லை அவர்கள் பாடத்தில் எழுதியிருந்தார்கள். மழை விழுந்த பாத்தியைக் கண்ணால் பார்த்தும் இருந்தார்கள். இரண்டையும் ஒன்றோடொன்று சேர்க்கவில்லை. உப்பளம் நகரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. சில பிள்ளைகளின் வீட்டில் அங்கே வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் பாடநூலின் தடாகம் ஒரு இடத்திலும், ஊரின் பாத்தி இன்னொரு இடத்திலுமாக அவர்கள் மனதில் கிடந்தன.

அப்போது நான் பட்டப்பின் படிப்பில் இருந்தேன். செயல்நிலை ஆய்வு என்று படித்துக்கொண்டிருந்த காலம். அன்றைய ஜேர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் கேர்ட் லெவின் 1946இல் இந்த எண்ணத்தை எழுத்தில் முன்வைத்தார். 1970களில் இங்கிலாந்தின் லோறன்ஸ் ஸ்டென்ஹவுஸ் அதை ஆசிரியர் கைக்குக் கொண்டுவந்தார். தன் வகுப்பறையைத் தானே ஆராயும் ஆளாக ஆசிரியர் இருக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. பிரச்சினையைக் கண்டுகொள், ஒரு மாற்றத்தைத் திட்டமிடு, செய்துபார், என்ன நடந்தது என்று கவனி, சிந்தி, திருத்தி மறுபடி செய். இவ்வளவுதான். இதைக் குறிப்பில் எழுதிக்கொண்டிருந்த எனக்கு, என் வகுப்பின் அமைதியே ஆய்வுத் தலைப்பாகத் தெரிந்தது.

அடுத்த சுற்றில் பாடநூலை மூடிவைத்தோம். பிள்ளைகள் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வந்தார்கள்: எந்த மாதத்தில் உப்பு வாருவார்கள், ஏன் எல்லாப் பாத்தியும் ஒரே அளவாக இல்லை, குவித்த உப்பை ஏன் உடனே விற்பதில்லை. மூன்று தட்டுகளில் உப்புத் தண்ணீர் வைத்து வெயிலில் காயவிட்டோம். ஒரு தட்டில் பாதியில் நல்ல தண்ணீர் ஊற்றினோம். அதுதான் எங்கள் மழை. எது முதலில் படிகிறது, எது பிந்துகிறது என்று அவர்களே அட்டவணை போட்டார்கள். வழமையாகப் பின்வாங்கில் ஒதுங்கியிருக்கும் ஒரு பையன் எழுந்து, குவியலின் அடியில் வழியும் தண்ணீர் ஏன் கைக்கும் என்று விளக்கினான். வீட்டில் தாத்தா சொன்னதை அவன் மகனீசியம் குளோரைட்டு என்ற பெயரோடு சேர்த்துச் சொன்னான். நான் தனியாக ஒன்றும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

பிள்ளை தானாக எட்டக்கூடியதற்கும், துணையோடு எட்டக்கூடியதற்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது, கற்பித்தல் அங்கேதான் நடக்க வேண்டும் என்று ரஷ்ய உளவியலாளர் வைகொட்ஸ்கி சொன்னதை டிப்ளோமா வகுப்பில் எல்லோரும் மனனம் செய்திருப்போம். அண்மை விருத்தி வலயம். பரீட்சைக்கு ஐந்து புள்ளி. அந்தப் பையன் எழுந்து பேசியபோதுதான் அது எனக்கு முழுமையாக விளங்கியது. 2007 கலைத்திட்டச் சீர்திருத்தத்தோடு தேர்ச்சிமையக் கல்வி வந்தது. ஆசிரியர் வழிகாட்டிகளில் ஆராய்தல், விளக்குதல், விரிவாக்குதல் என்று படிகள் எல்லாம் அச்சில் இருக்கின்றன. அந்தப் படிகளுக்குள் மன்னாரை வைக்கும் வேலை ஆசிரியருடையது. அதற்கு வேண்டிய பயிற்சியைப் பட்டப்பின் படிப்பு தரும், நாம் அப்படிக் கேட்டால்.

தலைப்பு எங்கே இருக்கிறது?

எம்.எட். ஆய்வு என்றதும் பலர் கடைப்பிடிக்கும் வழி ஒன்று உண்டு. ஏற்கெனவே யாரோ செய்த தலைப்பில் மாவட்டப் பெயரை மாற்றுவது. வினாக்கொத்து ஒன்றைப் போட்டோக் கொப்பி எடுத்து, இடைவேளையில் ஆசிரியர் அறை மேசையில் வைத்துவிட்டுப் போவது. "மிக உடன்படுகிறேன்" என்பதில் எல்லோரும் வரிசையாகச் சரி போட்டுத் தருவார்கள். வட்ட வரைபும் சலாகை வரைபும் போட்டு, பரிந்துரையில் "பெற்றோர் விழிப்புணர்வு அதிகரிக்கப்பட வேண்டும்" என்று முடிப்பது. இன்னும் வேதனையான வழியும் இருக்கிறது. ஒப்படையையும் ஆய்வையும் காசு கொடுத்து எழுதுவிப்பது. பிள்ளைகளிடம் சொந்தமாக எழுது என்று சொல்லும் தொழில் எங்களுடையது. அதைச் சொல்லும் தகுதியை விற்றுவிட்டு வாங்கும் பட்டம் எதற்கு?

தலைப்பைத் தேடி நூலகத்துக்கு ஓடுமுன் உங்கள் வரவு இடாப்பைத் திறவுங்கள். எங்கள் தீவில் சோளகக் காற்றும் வாடைக் காற்றும் மீன்பிடித் தொழிலை இடம் மாற்றும். காற்று மாறும்போது தொழிலாளர் குடும்பங்கள் கரை மாறி வாடி போடுகின்றன. பிள்ளை அம்மா அப்பாவோடு போகிறது, இல்லாவிட்டால் அம்மம்மாவிடம் நிற்கிறது. இடாப்பில் தொடர்ந்து விழும் சிவப்பு வட்டங்களைக் காற்று மாறும் நாட்களோடு ஒருமுறை வைத்துப் பாருங்கள். "வரவு ஒழுங்கின்மைக்கான காரணங்கள்" என்ற பொதுத் தலைப்பு அப்போது கூர்மையாகிவிடும்: போய் வரும் பிள்ளை எந்த அலகுகளைத் தவறவிடுகிறது? திரும்பி வந்த முதல் வாரம் அந்தப் பிள்ளைக்கு என்ன கற்பிக்கலாம்? இதற்கு ஒரு மன்னார் ஆசிரியர் பதில் கண்டால் அது முல்லைத்தீவுக்கும் உதவும், புத்தளத்துக்கும் உதவும்.

இன்னும் எத்தனையோ இருக்கின்றன. ஒரே வகுப்பில் இந்து, கத்தோலிக்க, முஸ்லிம் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது வரலாற்றுப் பாடத்தை எப்படிப் படிப்பிப்பது? புத்தளத்திலிருந்து மீளக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளின் தொடக்க வாசிப்பு எப்படி இருக்கிறது? பேசாலையிலோ பள்ளிமுனையிலோ வீட்டில் புழங்கும் சொற்கள் பாடநூலின் சொற்களோடு மோதும் இடங்கள் எவை? சுற்றாடல் பாடத்தில் காற்றாலையையும் பெருக்கமரத்தையும் கண்டல் காட்டையும் எப்படிப் பயன்படுத்தலாம்? இந்தத் தலைப்புகளுக்குக் கொழும்பில் இருக்கும் பேராசிரியரைவிட நீங்கள்தான் கிட்ட நிற்கிறீர்கள். மேற்பார்வையாளர் ஆய்வு முறையைச் சொல்லித் தருவார். கேள்வியை நீங்கள் கொண்டு போங்கள்.

வாசிப்புக்கு ஆங்கிலம் வேண்டும் என்பது உண்மை. தயங்க வேண்டாம், படிப்புக்குள் இறங்கினால் வாசிப்பும் வரும். ஆனால் தமிழில் ஒன்றும் இல்லை என்று சொல்வது சரியில்லை. பேராசிரியர் சபா. ஜெயராசா, பேராசிரியர் சோ. சந்திரசேகரம், பேராசிரியர் மா. கருணாநிதி போன்றவர்கள் கல்வியியலைத் தமிழில் எழுதித் தந்திருக்கிறார்கள். 'அகவிழி' ஆசிரியர்களுக்கென்றே வந்த சஞ்சிகை. நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் ஈழத்துக் கல்விச் சஞ்சிகைகள் பலவற்றின் பழைய இதழ்களை இலவசமாக வாசிக்கலாம். பஸ்ஸில் போகும்போது தொலைபேசியிலேயே வாசித்தவர்கள் பலர்.

நடைமுறைக்குச் சில

பட்டதாரி நியமனத்தில் வந்தவர் டிப்ளோமாவைப் பிற்போட வேண்டாம். படிப்பிக்கத் தொடங்கி ஓரிரு வருடம் போனபின் படித்தால் கேள்விகளோடு போவீர்கள், அது நல்லது. பத்து வருடம் போனபின் போனால் பழக்கங்கள் இறுகிவிடும்.

பாடநெறிக் கட்டணத்தை மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம். பயணம், தங்குமிடம், அச்சு, லப்டொப் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். இலவசக் கல்வி பட்டப்பின் படிப்புக்கு நீளவில்லை. கடன் எடுத்துப் படிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

தனியே போகாதீர்கள். ஒரே வலயத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து விண்ணப்பியுங்கள். பயணத்துக்கும் துணை, ஒப்படைக்கும் விவாதத்துக்கும் துணை. பெண் ஆசிரியர்களுக்கு இது இன்னும் அவசியம்.

அதிபரிடம் முன்கூட்டியே கதையுங்கள். பரீட்சை நாட்களும் கற்பித்தல் பயிற்சி நாட்களும் பாடசாலையின் நேரசூசியோடு மோதாமல் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் படிப்புக்காக உங்கள் வகுப்புப் பிள்ளைகள் பாடத்தை இழக்கக்கூடாது.

பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு கேட்டல்

பல்கலைக்கழகங்கள் 2020இன் கொரோனாக் காலத்தில் சூமில் வகுப்பு நடத்தின. முடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. விரிவுரைகளில் ஒரு பகுதியை இணையத்தில் வைத்து, மீதியை மாதம் ஒருமுறை மன்னாரில் நடத்தினால் எத்தனையோ ரீச்சர்மார் படிப்பார்கள். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆசிரியர்களை மனதில் வைத்துக் கல்வியியல் பக்கம் திரும்பினால் வன்னிக்கே பெரிய உதவி.

வலயக் கல்விப் பணிமனைகளிடமும் ஒன்று கேட்கிறேன். மன்னார் வலயத்திலும் மடு வலயத்திலும் பட்டப்பின் படிப்பு முடித்த ஆசிரியர்களின் ஆய்வுகள் எங்கே இருக்கின்றன? ஒரு பிரதி பல்கலைக்கழக அலுமாரியில், ஒரு பிரதி ஆசிரியரின் வீட்டில். எங்கள் பிள்ளைகளைப் பற்றி எங்கள் ஆசிரியர்கள் கண்டுபிடித்தவை எங்கள் வலயத்தில் வாசிக்கக் கிடைக்கவில்லை. ஆசிரியர் மத்திய நிலையத்தில் ஒரு அலுமாரி போதும். தவணைக்கு ஒருமுறை, முடித்த ஆய்வுகளை மற்ற ஆசிரியர்கள் முன் சொல்ல ஒரு பிற்பகல் போதும். பெரிய நிதி எதுவும் வேண்டியதில்லை.

படிக்கப் போகும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நான் சொல்வது இவ்வளவுதான். போய்ப் படியுங்கள். தர உயர்வை உரிமையோடு வாங்குங்கள். ஆய்வுத் தலைப்பை மன்னாரிலிருந்து, முடிந்தால் உங்கள் சொந்த வகுப்பிலிருந்து எடுங்கள். சொந்தக் கையால் எழுதுங்கள். முடித்ததும் ஒரு பிரதியை ஆசிரியர் மத்திய நிலையத்துக்குக் கொடுங்கள், உங்கள் ஆசிரியர் அறையில் ஒரு மணித்தியாலம் அதைப் பற்றிக் கதையுங்கள். ஏற்கெனவே முடித்தவர்கள் இந்தத் தவணையிலேயே அதைச் செய்யலாம்.